காலனி முதல் ஹேபியஸ் கார்ப்பஸ் வரை: சொல் யார் கையில் இருக்கிறது?

2025 ஏப்ரல் கடைசியில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் முதலமைச்சர் மு.க.ஸ்டாலின் ஓர் அறிவிப்பு செய்தார். 'காலனி' என்ற சொல் தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் மாறிவிட்டதால், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் அது நீக்கப்படும் என்பதே அந்த அறிவிப்பு. இதைக் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. "ரயில்வே காலனி இருக்கிறது, வங்கி ஊழியர் காலனி இருக்கிறது. சாதாரண ஆங்கிலச் சொல்தானே, இதில் எங்கே வந்தது சாதி?" என்பார்கள்.

அவர்களுக்குப் பதில் சொல்ல, அந்தச் சொல் பிறந்த வீட்டுக்கே போய்ப் பார்ப்போம்.

காலனியின் மூலச்சொல் 'கொலோனியா'. அது லத்தீன். 'கொலெரே' என்றால் பயிரிடுதல். 'கொலோனுஸ்' என்றால் உழவர். ரோமானியர்கள் ஒரு பகுதியைப் போரில் பிடித்தால், அங்கிருந்தவர்களின் நிலத்தைப் பறித்துத் தங்கள் குடிமக்களுக்கும் ஓய்வுபெற்ற படைவீரர்களுக்கும் பங்கு போட்டுக் கொடுப்பார்கள். அப்படி உருவான குடியிருப்புதான் கொலோனியா. ஜெர்மனியின் கொலோன் நகரம் இன்றும் அந்தச் சொல்லையே பெயராகச் சுமக்கிறது. ரோமில் கொலோனியாக்காரர் என்றால் நிலம் கிடைத்தவர் என்று பொருள்.

தமிழ்நாட்டில் காலனிக்காரர் என்றால் யார்? ஊரின் நிலத்தையெல்லாம் உழுதும் ஒரு குழி நிலம்கூடச் சொந்தமில்லாதவர். ஊருக்கு வெளியே, பள்ளத்தில், இரண்டு மூன்று சென்ட் மனைப்பட்டாவுக்குப் பல ஆண்டுகள் அலைந்தவர். சொல் அதேதான். பொருள் தலைகீழாகிவிட்டது.

'சேரி'யின் கதையும் இதுதான். சேர்ந்து வாழும் இடம் எதுவும் சேரிதான். சோழர் கல்வெட்டுகளில் பறைச்சேரி மட்டுமா இருக்கிறது? கம்மாணச்சேரி உண்டு, ஈழச்சேரி உண்டு. பிறகு அந்தச் சொல் நம் தலையில் மட்டும் வந்து உட்கார்ந்தது. சேரி என்று சொன்னால் அவமானம் என்று காலனி வந்தது. இப்போது காலனியும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்துவிட்டது. பறையர் என்ற நம் மக்களின் பெயர் 'பரையா' என்று ஆங்கிலத்துக்குப் போய், உலகம் முழுக்க 'ஒதுக்கப்பட்டவர்' என்ற பொருளில் அகராதி ஏறிவிட்டதும் நமக்குத் தெரியும்.

ஆகவே தோழர்களே, அகராதி ஒரு சொல்லின் பிறப்பைச் சொல்லும்; அதன் வாழ்க்கையைச் சொல்லாது. யார் யாரை அந்தச் சொல்லால் அழைக்கிறார்கள், அழைக்கப்பட்டவர் அதை மறுக்க முடியுமா என்பதில்தான் அந்த வாழ்க்கை இருக்கிறது. லத்தீன் பெயர்களையும் லத்தீன் சட்டச் சொற்களையும் இந்தக் கண்ணோடு பார்த்தால், நமக்கு வேண்டிய பல பாடங்கள் அதில் இருக்கின்றன.

கொண்டைக்கடலையும் அதிர்ஷ்டசாலியும்

ரோமின் புகழ்பெற்ற பேச்சாளர் சிசரோ. 'கிகெர்' என்றால் லத்தீனில் கொண்டைக்கடலை. அவருடைய முன்னோர் ஒருவரின் மூக்கு நுனியில் கடலை போன்ற பிளவு இருந்ததால் அந்தப் பெயர் வந்தது என்று புளூட்டார்க் எழுதுகிறார். அரசியலுக்கு வரும்போது பெயரை மாற்றிக்கொள் என்று நண்பர்கள் சொன்னார்களாம். இதே பெயரைப் பெருமைப்படுத்திக் காட்டுகிறேன் என்றாராம் சிசரோ. ஓவிட் என்ற கவிஞரின் முழுப்பெயரில் 'நாசோ' இருக்கிறது. மூக்கன் என்று பொருள். கிராசுஸ் என்றால் தடியன். புரூட்டஸ் என்றால் மந்தமானவன். இவர்கள் எல்லோரும் நிலமும் அடிமைகளும் பதவியும் வைத்திருந்த ரோமின் மேல்குடியினர். தடியன் என்ற பெயரால் கிராசுஸின் சொத்து ஒரு காசுகூடக் குறையவில்லை.

இனி அவர்கள் வீட்டு அடிமைகளின் பெயர்களைப் பாருங்கள். ஃபெலிக்ஸ்: பாக்கியவான். ஃபோர்துனாத்துஸ்: அதிர்ஷ்டசாலி. ஹிலாருஸ்: சிரித்த முகத்தான். கேட்க எவ்வளவு நன்றாக இருக்கிறது! ஆனால் அந்தப் பெயர்களைத் தேர்ந்தெடுத்தவர் எசமான். சந்தையில் வாங்கிய மனிதருக்குத் தன் மனம்போல ஒரு பெயரை ஒட்டினார். அதற்கும் முந்தைய காலத்தில் அந்தச் சிரமம்கூட இல்லை. மார்குஸின் அடிமைக்கு 'மார்கிபோர்', லூகியுஸின் அடிமைக்கு 'லூகிபோர்'. மார்குஸின் பையன், லூகியுஸின் பையன் என்று பொருள். அறுபது வயதானாலும் பையன்தான். இது நமக்குப் புதிதா? தாத்தா வயதுள்ளவரைப் பண்ணையார் வீட்டுச் சிறுவன் "ஏலே" என்று கூப்பிட்ட ஊர்கள்தானே நம் ஊர்கள்.

விடுதலை கிடைத்தாலும் பெயர் விடவில்லை. ரோமானியக் குடிமகனுக்கு வழக்கமாக மூன்று பெயர்கள்: சொந்தப் பெயர், குலப்பெயர், கிளைப்பெயர். விடுதலையான அடிமை, தன்னை விடுவித்த எசமானின் முதல் இரண்டு பெயர்களையும் ஏற்றுக்கொண்டு, தன் அடிமைப் பெயரைக் கடைசியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். சிசரோவின் முழுப்பெயர் மார்குஸ் துல்லியுஸ் சிசரோ. அவரிடம் அடிமையாக இருந்து விடுதலையான செயலாளர் திரோவின் பெயர் மார்குஸ் துல்லியுஸ் திரோ ஆனது. சிசரோவின் பேச்சுகளையும் கடிதங்களையும் காத்துக் கொடுத்ததில் திரோவின் உழைப்பு பெரிது. ஒரு சுருக்கெழுத்து முறையே அவர் பெயரால் வழங்குகிறது. அப்படிப்பட்டவரும் சாகும்வரை எசமானின் முகவரியோடுதான் வாழ்ந்தார்.

பெண்களின் நிலையையும் மறக்க வேண்டாம். யூலியுஸ் குலத்தில் பிறந்த மகள் யூலியா. அடுத்த மகளும் யூலியாதான். மூத்தவள், இளையவள், மூன்றாமவள் என்று அடையாளம் சொல்வார்கள். மேல்குடிப் பெண்ணாக இருந்தாலும் அவள் பெயர் அவள் குலத்தின் முத்திரை.

மனு இதையே வேறு வழியில் செய்தார். பார்ப்பனருக்கு மங்கலமான பெயர், சத்திரியருக்கு வலிமையைச் சொல்லும் பெயர், வைசியருக்குச் செல்வத்தைச் சொல்லும் பெயர், சூத்திரருக்கு இழிவைச் சொல்லும் பெயர் என்று மனுஸ்மிருதியின் இரண்டாம் அத்தியாயம் விதிக்கிறது. ரோம் அடிமைக்கு இனிப்பான பெயர் வைத்தது. மனு கசப்பான பெயர் வைக்கச் சொன்னார். பெயர் வைக்கும் அதிகாரம் இரண்டிலும் மேலே இருப்பவரிடமே இருந்தது. நம் ஊர்களில் பெற்றோர் ஆசையாக முனுசாமி என்று வைத்தாலும், ஊர்த்தெருவில் 'சாமி'யை வெட்டி எறிந்துவிட்டு முனியன் என்றுதான் கூப்பிட்டார்கள். சாமி என்று நம்மவரை அழைக்க ஆதிக்கச் சாதிக்காரர்களின் நாக்கு கூசியது.

வென்றவன் பெயரைத் தோற்றவன் தலையில்

ரோமப் பேரரசு அழிந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகு, ஆப்பிரிக்கர்களைக் கடத்தி விற்ற ஐரோப்பியர்கள் அதே பழக்கத்தைத் தூசி தட்டி எடுத்தார்கள். அடிமைகளுக்கு சீசர், பாம்பே, கேட்டோ என்று ரோமானியத் தலைவர்களின் பெயர்களை வைத்தார்கள். மதிப்பு கொடுக்கவா வைத்தார்கள்? வெறுங்காலோடு நிற்கும் ஒருவரைச் சீசர் என்று அழைப்பதில் எசமானுக்கு ஒரு கேலி.

இங்கிலாந்தில் பிரிஸ்டலுக்குப் பக்கத்தில் ஹென்பரி என்ற இடத்தில் ஒரு கல்லறை இருக்கிறது. சஃபோக் பிரபுவின் வீட்டில் வேலைக்காரனாக வைக்கப்பட்டிருந்து, 1720-ல் 18 வயதில் இறந்துபோன கறுப்பின இளைஞனின் கல்லறை அது. கல்லில் பொறித்திருக்கும் பெயர் சிபியோ ஆப்பிரிக்கானுஸ். உண்மையான சிபியோ யார்? கி.மு. 202-ல் ஆப்பிரிக்க மண்ணில் ஹானிபலைத் தோற்கடித்த ரோமானியத் தளபதி. அந்த வெற்றிக்காக ரோம் கொடுத்த பட்டம்தான் ஆப்பிரிக்கானுஸ். ஆப்பிரிக்காவை வென்றவனின் பட்டத்தை ஆப்பிரிக்கப் பிள்ளையின் தலையில் கட்டினார்கள். கல்லறைக் கல்லை அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஆனால் அவன் தாய் அவனை என்ன பெயர் சொல்லி அழைத்தாள் என்பது அந்தக் கல்லில் இல்லை.

இந்தச் சங்கிலியை அறுத்தவர்களில் ஒருவர் நம் எல்லோருக்கும் தெரிந்த குத்துச்சண்டை வீரர். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் காசியுஸ் மார்செல்லஸ் கிளே. காசியுஸ் ரோமானியக் குலப்பெயர். மார்செல்லஸ், மார்குஸின் செல்ல வடிவம். அந்தப் பெயர் கென்டக்கியைச் சேர்ந்த ஒரு வெள்ளையரின் பெயர். அந்த வெள்ளையர் அடிமை முறையை எதிர்த்தவர்தான், கெட்டவர் அல்ல. ஆனாலும் 1964-ல் அவர் அந்தப் பெயரைத் தூக்கியெறிந்து முகமது அலி ஆனார். அது அடிமைப் பெயர், நான் தேர்ந்தெடுத்ததல்ல என்றார். 1967-ல் தன்னைக் கிளே என்றே அழைத்துக்கொண்டிருந்த எர்னி டெரெலை மேடையில் அடித்துக்கொண்டே, என் பெயர் என்ன என்று திரும்பத் திரும்பக் கேட்டார். நல்ல மனிதரின் பெயரானாலும், அழகான லத்தீன் பெயரானாலும், அது நாம் ஏற்றதா என்பதே கேள்வி.

நம் முன்னோர்களும் இந்தக் கேள்வியைக் கேட்டவர்கள்தாம். காத்தவராயன் என்ற இளைஞர் தன் ஆசிரியரின் பெயரைத் தானே விரும்பி எடுத்துக்கொண்டு அயோத்திதாசர் ஆனார். எம்.சி.ராஜாவின் முயற்சியால் 1922-ல் சென்னை மாகாண அரசு, பழைய இழிபெயர்களுக்குப் பதிலாக ஆதிதிராவிடர் என்ற பெயரை ஏற்றது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைக் கைவிடச் சொன்னது. 1972-ல் பம்பாயில் எழுந்த தலித் பாந்தர்கள், 'நொறுக்கப்பட்டவர்' என்ற பொருளுள்ள தலித் என்ற சொல்லைத் தங்கள் இயக்கத்தின் பெயராக்கினார்கள். அகராதியில் அது துயரமான சொல். நாமே எடுத்துக்கொண்டபோது அது போராட்டத்தின் சொல்லானது.

சின்னப்பரும் தேவசகாயமும்

லத்தீன் பெயர்கள் நம் தெருக்களுக்கு வந்தது தேவாலயத்தின் வழியாக. பவுல் என்பது 'பவுலுஸ்' என்ற லத்தீன் பெயர். சிறியவர் என்று பொருள். அதனால்தான் தமிழ்க் கத்தோலிக்கர்கள் அவரைச் சின்னப்பர் என்கிறார்கள். பெனெடிக்துஸ் என்றால் ஆசி பெற்றவர். அவரை ஆசீர்வாதப்பர் என்கிறோம். பொருள் தெரிந்து தமிழாக்கிய இந்தப் பெயர்கள் நம் மக்களின் நாவில் இயல்பாகத் தங்கிவிட்டன. சின்னப்பனும் ஆசீர்வாதமும் நம் தாத்தாக்களின் பெயர்கள்.

ஆனால் இதற்கு இன்னொரு பக்கம் உண்டு. 1704-ல் புதுச்சேரியில் போப்பின் தூதர் துர்னோன் ஓர் ஆணை பிறப்பித்தார். ஞானஸ்நானத்தின்போது ரோமத் திருச்சபையின் புனிதர் பட்டியலில் உள்ள பெயர்களையே வைக்க வேண்டும் என்றது அது. நோயுற்ற பறையர்களின் வீட்டுக்கே சென்று குருக்கள் அருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்றும் அதே ஆணை சொன்னது. இந்த இரண்டாவதைத்தான் மிஷனரிகளால் விழுங்க முடியவில்லை. சேரிக்குள் போனால் சாதி இந்துக்கள் தங்களை ஏற்கமாட்டார்கள் என்று பல்லாண்டு வாதாடினார்கள். கடைசியில் 1744-ல் போப் பதினான்காம் பெனெடிக்ட் வெளியிட்ட லத்தீன் ஆணை, பறையர்களுக்கென்று தனியாகச் சில குருக்கள் என்ற ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டது. புனிதரின் பெயர் சேரிக்குள் போனது. பெயர் வைத்தவர்களின் கால் போகத் தயங்கியது.

குமரி மாவட்டம் நட்டாலத்தில் 1712-ல் பிறந்து, 1745-ல் ஞானஸ்நானம் பெற்று, 1752-ல் கொல்லப்பட்டவர் தேவசகாயம். 'கடவுள் உதவி' என்று பொருள். எபிரேயத்தில் எலெயாசார், லத்தீனில் லாசருஸ். 2022 மே 15 அன்று வத்திக்கானில் அவருக்குப் புனிதர் பட்டம் கொடுத்தபோது, பெயரோடு ஒட்டியிருந்த 'பிள்ளை' என்ற சாதிப் பட்டம் நீக்கப்பட்டிருந்தது. அதை நீக்கச் சொல்லி எழுதியவர்கள் கேட்டதால் நடந்தது அது. கேட்டால் வத்திக்கானும் பெயரைத் திருத்தும். வரவேற்போம். ஆனால் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பகுதி பிரித்திருக்கும்வரை, பெயரில் போன சாதி மண்ணில் இருந்துகொண்டுதான் இருக்கும்.

தலித் கிறித்தவர்களுக்கு இது வெறும் மரியாதைப் பிரச்சினை இல்லை, சோற்றுப் பிரச்சினை. 1950-ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்களை மட்டுமே பட்டியல் சாதியினராக ஏற்றது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். அதனால்தான் நம் தெருக்களில் ஒரே பிள்ளைக்குக் கோயிலில் ஒரு பெயர், பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயர். வட்டாட்சியர் அலுவலகத்தில் ஒரு ஸ்டீபனும் ஒரு செல்வமும் அண்ணன் தம்பியாக நிற்கும்போது, தெருவும் சாதியும் ஒன்றாக இருந்தும் கேள்விகள் ஸ்டீபனுக்குத்தான் வரும். கிணற்றங்கரையில் மட்டும் யாரும் ஸ்டீபனின் பெயருக்குப் பொருள் கேட்பதில்லை.

உடலைக் கொண்டு வா

பெயரும் லத்தீன் சட்டச் சொல்லும் ஒரே வழக்கில் சந்தித்த கதை ஒன்று உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து கடத்தப்பட்டு அமெரிக்காவில் விற்கப்பட்ட ஒருவரை 1769-ல் எசமான் லண்டனுக்குக் கொண்டுவந்தார். 1771-ல் அவர் ஜேம்ஸ் சோமர்செட் என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார். அதே ஆண்டு தப்பியோடி, பிடிபட்டார். ஜமைக்காவில் விற்பதற்காகச் சங்கிலியால் கட்டிக் கப்பலில் ஏற்றினார்கள். அவருடைய ஞானப்பெற்றோர் மூவர் நீதிமன்றம் போனார்கள். அவர்கள் கேட்டது ஹேபியஸ் கார்ப்பஸ்.

'ஹேபியஸ்' என்றால் உன்னிடம் இருக்கட்டும், வைத்துக்கொண்டு வா. 'கார்ப்பஸ்' என்றால் உடல். நீ அடைத்து வைத்திருக்கும் உடலை என் முன்னால் கொண்டு வந்து நிறுத்து, எந்தச் சட்டப்படி அடைத்தாய் என்று சொல் என நீதிமன்றம் இடும் உத்தரவு அது. கப்பல் தலைவன் சோமர்செட்டைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அடிமையை வலுக்கட்டாயமாக வெளிநாட்டுக்கு ஏற்றிச் சென்று விற்க எசமானுக்கு உரிமை இல்லை என்று 1772 ஜூன் 22 அன்று மான்ஸ்ஃபீல்ட் பிரபு தீர்ப்பளித்தார். சந்தையில் பொருளாக விற்கப்பட்ட உடல், நீதிமன்றத்தில் மனிதராக நின்றது. அடிமை முறையை ஒழிக்கும் சட்டம் வர 1833 வரை ஆனது. ஆனால் கதவு திறந்தது இங்கேதான்.

தமிழில் இதை ஆட்கொணர்வு மனு என்கிறோம். நல்ல மொழிபெயர்ப்பு. லத்தீனில் உடல் என்றிருப்பது தமிழில் 'ஆள்' ஆகிவிட்டது. பண்ணையாள், அடிமையாள் என்று நம்மைக் குறித்த அதே சொல் இங்கே உரிமையின் சொல்லாக நிற்கிறது.

இந்தச் சொல் தானாக யாரையும் காப்பாற்றாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 ஏப்ரல் 28 அன்று, இந்த மனுவைப் போடவே யாருக்கும் உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றத்தில் நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எதிர்த்து எழுதியவர் எச்.ஆர்.கன்னா ஒருவர்தான். அதே ஆண்டு கேரளத்தில் ராஜன் என்ற பொறியியல் மாணவரைப் போலீஸ் பிடித்துப் போனது. நெருக்கடி நிலை முடிந்ததும் அவருடைய தந்தை ஈச்சர வாரியர் ஆட்கொணர்வு மனு போட்டார். அந்த வழக்கால் கருணாகரன் முதலமைச்சர் பதவியை விட்டு விலக நேர்ந்தது. ராஜனின் உடல் மட்டும் கடைசிவரை வரவில்லை.

இன்று தமிழ்நாட்டில் சாதி மறுப்புத் திருமணம் செய்த பெண்ணைத் திருப்பி இழுத்துவரவும் பெற்றோர் இதே மனுவைப் போடுகிறார்கள். அங்கே நீதிமன்றம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: சட்டத்துக்குப் புறம்பாக யாராவது அவரை அடைத்து வைத்திருக்கிறார்களா? வயது வந்த பெண், என் விருப்பத்தில் போனேன் என்று சொல்லிவிட்டால் மனு அங்கேயே முடிந்தது. அந்தக் கார்ப்பஸ் அவளுடையது. அப்பாவுடையதும் அல்ல, சாதியுடையதும் அல்ல. இதை அறிந்த தோழர் ஒருவர் அந்தப் பெண்ணோடு நீதிமன்ற வளாகத்தில் நின்றால், ஓர் உயிர் காப்பாற்றப்படலாம்.

நிற்க இடம்

'லோகஸ் ஸ்டாண்டி' என்பதை வழக்கறிஞர்கள் அடிக்கடி சொல்வார்கள். வழக்குப் போட உனக்கு என்ன தகுதி என்று கேட்பது. நேர்ப் பொருள்: நிற்பதற்கான இடம். தெருவில் நிற்க, குளத்தங்கரையில் நிற்க, தேநீர்க் கடையில் நிற்க இடம் மறுக்கப்பட்டவர்களுக்கு இதைவிட நன்றாகப் புரியும் சட்டச் சொல் வேறு எது? பாதிக்கப்பட்டவர் வர முடியாவிட்டால் அவருக்காக வேறொருவர் வரலாம் என்று 1981-ல் எஸ்.பி.குப்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த இடத்தை அகலமாக்கியது. ஃபரிதாபாத் கல் குவாரிக் கொத்தடிமைகளைப் பற்றி வந்த ஒரு கடிதத்தையே மனுவாக ஏற்று 1983-ல் தீர்ப்பும் தந்தது.

'ஸ்டேட்டஸ் கோ' என்றால் இருக்கிற நிலை. கேட்க நடுநிலையாகத் தெரியும். இருக்கிற நிலையே அநீதியாக இருந்தால், அதைக் காப்பது யாருக்கு லாபம்? 1927 மார்ச்சில் மகாத் குளத்தில் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தார். டிசம்பரில் மீண்டும் போகவிருந்தபோது, சாதி இந்துக்கள் நீதிமன்றத்தில் தற்காலிகத் தடை வாங்கியிருந்தார்கள். பத்தாண்டுகள் வழக்கு நடந்து, 1937-ல்தான் பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பு சொன்னது. 2023 ஜூனில் விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் நம் மக்கள் திரௌபதி அம்மன் கோயிலுக்குள் போகக் கேட்டபோது, அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரை வைத்தார்கள். உள்ளே போகவிடாதவரையும் உள்ளே போகக் கேட்டவரையும் ஒரே தராசில் வைத்த பூட்டு அது.

'பிரைமா ஃபேசி' என்றால் முதல் முகம், முதல் பார்வை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் முன்ஜாமீன் கிடையாது என்று பிரிவு 18 சொல்கிறது. 2018 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அதைத் தளர்த்தியது. ஏப்ரல் 2 முழு அடைப்புக்குப் பிறகு நாடாளுமன்றம் 18-ஏ பிரிவைச் சேர்த்து மீட்டது. 2020 பிப்ரவரியில் அந்தத் திருத்தத்தை ஏற்ற உச்ச நீதிமன்றம், பிரைமா ஃபேசி குற்றம் தெரியவில்லை என்றால் முன்ஜாமீன் தரலாம் என்றது. அதனால் புகாரின் முதல் பக்கமே நம் வழக்கின் முகம். இருவரின் சாதி, சம்பவம் நடந்த இடம், பேசிய சொற்கள் அப்படியே, பொதுமக்கள் பார்வையில் நடந்ததா, பார்த்தவர்கள் யார் என்பதை எழுதாமல் கையெழுத்துப் போடாதீர்கள். காவல் நிலையத்தில் "சாதிப் பெயரைச் சொல்லித் திட்டினார்" என்று ஒரு வரியில் முடிப்பார்கள். முகமில்லாத புகார் முன்ஜாமீனில் போய்விடும்.

'மாண்டமஸ்' என்றால் நாம் ஆணையிடுகிறோம். அதிகாரி தன் கடமையைச் செய்யாவிட்டால், செய் என்று நீதிமன்றம் உத்தரவிடுவது. 'நாம்' என்று அதில் பேசியது ஒரு காலத்தில் இங்கிலாந்து மன்னர். இன்று இந்தியாவில் அந்த நாம் யார்? அரசமைப்பின் முகவுரை மக்களாகிய நாம் என்றுதான் தொடங்குகிறது. இந்தப் பேராணைகளைக் கேட்டு நேரடியாக உச்ச நீதிமன்றம் போகும் உரிமையைத் தரும் பிரிவு 32-ஐத்தான், 1948 டிசம்பர் 9 அன்று அரசமைப்பு அவையில் அம்பேத்கர் அரசமைப்பின் உயிரும் இதயமும் என்று சொன்னார். மன்னரின் 'நாம்' நம்முடைய 'நாம்' ஆனது அவர் எழுத்தால்.

இனி நாம் செய்ய வேண்டியது

சட்டக் கல்லூரிக்கு முதல் தலைமுறையாக வரும் நம் தம்பி தங்கைகள் லத்தீனைக் கேட்டு மிரள்கிறார்கள். மிரட்டத்தான் அது பயன்பட்டும் வந்தது. புரியாத மொழியில் மந்திரம் சொல்பவருக்கு மதிப்பு கூடும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். இங்கிலாந்தே தன் நீதிமன்றப் பதிவுகளில் 1733-ல் லத்தீனைக் கைவிட்டது. மாண்டமஸ், செர்ஷியோராரி என்ற பெயர்களையும் இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் எளிய ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொண்டது. இங்கே நான்கு வட மாநில உயர் நீதிமன்றங்களில் இந்தியில் வாதாடலாம். சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழ் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும்வரை கேட்போம். அதுவரை அவர்கள் மொழியைக் கற்று அவர்கள் முன்னாலேயே பேசுவோம்.

ஒவ்வொரு படிப்பு வட்டத்திலும் வாரம் ஒரு லத்தீன் சொல்லை எடுங்கள். நேர்ப் பொருள் என்ன, தமிழில் என்ன, நம் ஊரில் எந்த வழக்கில் அது உதவும் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மனப்பாடம் செய்ய வேண்டாம். சொந்தத் தமிழில் அம்மாவுக்குச் சொல்ல முடிந்தால் போதும்.

பெயர் விஷயத்திலும் ஒரு வேலை இருக்கிறது. காலனி என்ற பலகை எடுக்கப்படும் இடங்களில் புதுப் பெயரை யார் தீர்மானிக்கிறார்கள் என்று கவனியுங்கள். வட்டாட்சியர் அலுவலகத்தில் உட்கார்ந்து யாரோ எழுதிக் கொடுக்கும் பெயர் எவ்வளவு அழகாக இருந்தாலும், அது இன்னொரு ஃபெலிக்ஸ்தான். தெருவே கூடிப் பேசட்டும். பெண்களும் பிள்ளைகளும் பேசட்டும். அவர்கள் சொல்லும் பெயர் தீர்மானமாக எழுதப்பட்டு கிராம சபைக்குப் போகட்டும். பெயரோடு பட்டாவையும், சுடுகாட்டுப் பாதையையும், குடிநீர்க் குழாயையும் சேர்த்தே கேளுங்கள். அவை வராமல் பெயர் மட்டும் மாறினால், இன்னும் இருபது ஆண்டுகளில் அந்தப் புதுப் பெயரையும் வசையாக்கிவிடுவார்கள்.